முதல் கியூ வாங்கப் போகிறவர்களுக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பின் மாலை நிகழ்ச்சியில் பேசியது. பேசியபடியே இருக்கட்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டுக்கொண்டதால் அதிகம் திருத்தாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

செயலாளர் போன வாரம் போன் செய்து, "உனக்கு இருபது நிமிஷம். கியூவைப் பத்திப் பேசணும்" என்றார். இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி, "எந்தக் கியூ? ரேஷன் கடையா, ரயில்வே ஸ்டேஷனா?" என்று கேட்டாள். அந்த இரண்டு கியூவிலும் எனக்கு அனுபவம் உண்டு என்றாலும், இது ஸ்னூக்கர் ஆடுகிற கியூ. நாலு அடி பத்து அங்குல மரக்கோல்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் பேட்ச்காரர்கள் சிலர் சேர்ந்து ஹாஸ்டல் ரிக்ரியேஷன் ரூமுக்கு ஒரு பழைய ஸ்னூக்கர் டேபிள் வாங்கிப் போட்டிருக்கிறோம். பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி. பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது சிலேட்டுக்கல் பலகை. மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். முதல் மாடியில் போடலாம் என்று ஒருவர் சொன்னார். சிவில் டிபார்ட்மெண்ட் சார் ஒரு பார்வை பார்த்தார், தரைத்தளத்துக்கு வந்துவிட்டது. சுவரில் மாட்டி வைக்க ஆறு பொதுக் கியூவும் வாங்கியாகிவிட்டது. ஆனால் மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "சார், நான் ஆறாயிரம் ரூபாய் சேர்த்து வெச்சிருக்கேன். சொந்தமா ஒரு கியூ வாங்கணும். எது வாங்கலாம்?" என்று கேட்டார். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்துப் பையில் போட்டுவிட்டேன். அவருக்குப் பதில் சொல்லத்தான் இப்போது நிற்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த ஆட்டம் வெள்ளைக்காரன் நாட்டிலிருந்து இறக்குமதி ஆனது என்று நினைக்காதீர்கள். பிறந்தது நம் நாட்டில், ஜபல்பூரில். 1875இல் மழைக்காலத்தில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ராணுவ அதிகாரிகள், ஏற்கெனவே இருந்த இரண்டு மூன்று ஆட்டங்களைக் கலந்து ஒன்றாக்கினார்கள். அதைச் செய்தவர் நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி. பின்னாளில் பிரதமராக இருந்தவர் இவர் இல்லை, இவர் வேறு. அவர் பிறகு நம் ஊட்டிக்கு வந்தார். 1882 வாக்கில் இந்த ஆட்டத்தின் விதிகள் எழுதி மாட்டப்பட்டது ஊட்டி கிளப்பில். 'ஸ்னூக்கர்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இங்கிலாந்தில் வுல்விச் ராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாகக் கூப்பிடுகிற பெயர் அது. ஆடத் தெரியாமல் ஒரு பந்தைக் கோட்டைவிட்ட நண்பனைப் பார்த்து சேம்பர்லின் அப்படிச் சொல்ல, பெயர் ஆட்டத்துக்கே ஒட்டிக்கொண்டது. ஆக, ஃபர்ஸ்ட் இயர் பசங்களைச் சீனியர் கேலி செய்ததில் பிறந்த பெயர். நம் ஹாஸ்டலுக்குப் பொருத்தமான ஆட்டம்தான்.

சரி, கியூவுக்கு வருகிறேன். என் முதல் கியூ கதையைச் சொன்னால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

1993. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிரெயினியாக இருந்து அப்போதுதான் பெர்மனெண்ட் ஆகியிருந்தேன். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தால் ஒரு ஸ்னூக்கர் பார்லருக்குப் போவோம். மணிக்கு முப்பது ரூபாய், நாலு பேர் பங்கு போட்டுக்கொள்வோம். அங்கே சுவரில் பத்துப் பதினைந்து கியூ மாட்டியிருக்கும். ஒன்று கனம், ஒன்று லேசு, ஒன்றின் முனைத் தோல் காளான் மாதிரி விரிந்திருக்கும், ஒன்றுக்குத் தோலே இருக்காது. நேற்று நன்றாக ஆடிய கியூ இன்று வேறு யார் கையிலாவது இருக்கும். பந்து குழிக்குப் போகவில்லை என்றால் தப்பு என்னுடையதா, கியூவுடையதா என்று கடைசிவரை தெரியாது. சொந்தக் கியூ எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம் இது ஒன்றுதான். தினமும் ஒரே கனம், ஒரே நீளம், ஒரே முனை என்று இருந்தால் தப்பு எங்கே என்பது தெரியவரும். மற்றபடி சொந்தக் கியூ வாங்கிய மறுநாளே பெரிய ஆட்டக்காரர் ஆகிவிட முடியாது.

அந்த வருஷம் தீபாவளி போனஸ் 1,800 ரூபாய் வந்தது. அம்மா விழுப்புரத்தில் இருந்தாள். அப்பா இல்லை. அம்மா ஜாக்கெட் தைத்துத்தான் என்னை இந்தக் கல்லூரியில் படிக்க வைத்தாள். கால் மிஷின். முழங்கால் வலி வந்து, "போனஸ் வந்தா மிஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கிக் குடுடா" என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாயில் முடிந்திருக்கும்.

போனஸ் வாங்கிய அன்றைக்கு மவுண்ட் ரோடு பக்கம் போனேன். ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கியூ நின்றுகொண்டிருந்தது. கடையின் பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கடையும் இல்லை. கைப்பிடிப் பகுதியில் கறுப்பு, சிவப்பு, பச்சை என்று அம்பு அம்பாக மரவேலை. மேலே கண்ணாடி மாதிரி பாலிஷ். இரண்டாகக் கழற்றி வைக்க ஒரு பெட்டி, பெட்டிக்குள் நீல வெல்வெட். கடைக்காரர் "கருங்காலி சார், இம்போர்ட்டட்" என்றார். 1,250 ரூபாய். நான் பேரம்கூடப் பேசவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போய், "இந்த வருஷம் கம்பெனில போனஸ் குடுக்கல" என்று சொல்லிவிட்டேன். அம்மா "போனா போகுது, அடுத்த வருஷம் குடுப்பான்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிஷினில் உட்கார்ந்தாள்.

தீபாவளி முடிந்து பார்லருக்குக் கியூவோடு போனேன். அங்கே ஒரு மார்க்கர் இருந்தார். தம்பிகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஸ்னூக்கர் மேஜைப் பக்கத்தில் நின்று புள்ளி எண்ணிச் சொல்வதும், துணியைத் தேய்த்து வைப்பதும், டிப் மாற்றித் தருவதும் மார்க்கர் வேலை. பழைய கிளப்களில் முதலாளிகளுக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். இவருக்கு அறுபது வயது இருக்கும். ஒரு பெரிய கிளப்பில் முப்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். நான் பெட்டியைத் திறந்து, கியூவைப் பூட்டி, அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். நகத்தால் கறுப்பு அம்பின் ஓரத்தைத் தடவினார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "பெட்டி நல்லா இருக்கு தம்பி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மூன்றாம் நாள் டிப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அந்த நவம்பர், டிசம்பர் மழையில் என் அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் வில் மாதிரி வளைந்திருந்தது. கருங்காலி அம்புகளில் ஒன்று ஓரத்தில் எழும்பி நின்றது. அது மரமே இல்லை, அச்சடித்த ஸ்டிக்கர். அதன் மேல் கெட்டியாக வார்னிஷ் பூசியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் மார்க்கரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் என் கியூவை எடுத்து முனையைக் காட்டினார். "பந்தைத் தொடுறது இந்தத் தோலு மட்டும்தான் தம்பி. பத்து மில்லிமீட்டர்கூட இல்ல. நீ காசு குடுத்தது அந்தக் கோடிக்கு" என்று கைப்பிடியைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் எனக்குச் சொன்னதையும், பிறகு முப்பது வருஷம் நானாகக் கண்டுகொண்டதையும் சேர்த்துத்தான் இனிமேல் சொல்லப் போகிறேன்.

கியூ கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது நேராக இருக்கிறதா என்பது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிப் பக்கத்திலிருந்து முனை வரை நீளவாக்கில் பாருங்கள். பார்த்துக்கொண்டே மெதுவாகச் சுற்றுங்கள். வளைவு இருந்தால் சுற்றும்போது ஒரு பக்கம் மேலே எழும்பிக் கீழே இறங்கும். எல்லாரும் மேஜை மேல் உருட்டிப் பார்ப்பார்கள். ஸ்னூக்கர் கியூவின் அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி அங்கே பேட்ஜ் பதித்திருப்பார்கள். அப்படியே உருட்டினால் நேரான கியூகூடத் தடதடக்கும். கண்ணை நம்புங்கள். மயிரிழை வளைவுக்குப் பயப்பட வேண்டாம், மரம் என்றால் அது இருக்கும். இரண்டு பாகமாகக் கழற்றுகிற கியூ என்றால் பூட்டிய பிறகு பார்க்க வேண்டும். தனித்தனியாக இரண்டும் நேராக இருந்து, பூட்டிய இடத்தில் கோணிக்கொண்ட கியூக்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மரம். ஸ்னூக்கர் கியூவின் தண்டுக்கு நல்லது ஆஷ் மரம் அல்லது மேப்பிள். ஆஷ் நம்ம ஊர் மரம் இல்லை. வெளிர் நிறம், கிரிக்கெட் ஸ்டம்பு செய்கிற மரம் அது. ஆஷ் தண்டில் கறுப்பு ரேகைகள் தெளிவாகத் தெரியும். இரண்டு பக்கம் நீளக் கோடுகளாகவும், மற்ற இரண்டு பக்கம் ஒன்றன் பின் ஒன்றாக அம்பு முனைகள் அடுக்கியது மாதிரியும் ஓடும். மேப்பிளில் ரேகை அவ்வளவாகத் தெரியாது, வழுவழுவென்று இருக்கும். இரண்டில் எது உசத்தி என்பது காபி உசத்தியா டீ உசத்தியா என்கிற மாதிரி. ஆனால் ஆரம்பக்காரருக்கு ஆஷ் நல்லது என்பேன். ரேகை கண்ணுக்குத் தெரிவதால் ஏமாற்றுவது கஷ்டம். அந்த ரேகைகள் கைப்பிடியிலிருந்து முனை வரை தண்டோடு சேர்ந்து நேராக ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் சரிந்து வெளியே ஓடிவிட்டால் அந்தக் கியூ பின்னால் வளையும். விலை மலிவான கியூக்கள் பல, ராமின் என்கிற மரத்தில் வரும். ரேகையே இருக்காது, சின்னச் சின்னக் கீறல் கீறலாக இருக்கும். பார்லரில் மாட்டி வைக்க அது போதும். காசு சேர்த்து வைத்து வாங்குகிறவர் அதை வாங்க வேண்டாம்.

கைப்பிடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், என்னை ஏமாற்றியது அதுதானே. நிஜமான கருங்காலியும் ஈட்டியும் போட்டுச் செய்த கைப்பிடி அழகுதான், கனத்தையும் பின்பக்கம் கொண்டுவரும். கையால் இழைத்துச் சேர்த்த கியூவில் அந்த அம்பு நுனிகள் வட்டமாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறக்குறைய இருக்கும். மிஷினில் வெட்டிச் சேர்த்தது ஊசி மாதிரி கூர்மையாக, அளவெடுத்த மாதிரி இருக்கும். இரண்டுமே பந்தை ஒரே மாதிரிதான் அடிக்கும். ஸ்டிக்கரா மரமா என்று தெரிய வேண்டுமானால் வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கறுப்புக்குள்ளே மரத்தின் ரேகை ஓடுகிறதா என்று பாருங்கள். அச்சடித்தது என்றால் பேப்பரில் வந்த போட்டோ மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டிய கியூ எல்லாமே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். தண்டு நல்ல ஆஷாக இருந்து, ஸ்டிக்கருக்குத் தனியாகக் காசு கேட்காமல் இருந்தால் வாங்கலாம். தொந்தரவு என்னவென்றால், ஸ்டிக்கருக்குச் செலவு செய்கிறவர் பெரும்பாலும் தண்டில்தான் மிச்சம் பிடிப்பார்.

கனம், நீளம் விஷயத்தில் ரொம்ப யோசிக்க வேண்டாம். 57 அல்லது 58 அங்குலம், 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ. முனை ஒன்பதரை மில்லிமீட்டர் சுமாருக்கு. நிற்க வைத்தால் தோளுக்கு மேலே கொஞ்சம் வர வேண்டும், உயரமான தம்பிகளுக்கு மட்டும் தோளோடு நிற்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தண்டின் நடுவே உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். மூங்கில் குச்சி மாதிரி ரொம்ப நேரம் ஆடிக்கொண்டே இருந்தால் வேண்டாம். அடிப்பக்கத்தை மெதுவாகத் தரையில் தட்டினால் 'டக்' என்று ஒரே சத்தம் வர வேண்டும். உள்ளே ஏதோ சலசலத்தால் பூட்டு இளகியிருக்கிறது, அல்லது முனையிலிருக்கும் பித்தளைப் பூண் இளகியிருக்கிறது.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. இப்போது பல மால்களில் அமெரிக்கக்காரர்கள் ஆடுகிற எட்டுப் பந்து ஆட்டத்து மேஜை போட்டிருக்கிறார்கள். அதன் பந்து 57 மில்லிமீட்டர், கியூ முனை 13 மில்லிமீட்டர் சுமார். நம் ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர்தான். போனில் படத்தைப் பார்த்து ஆர்டர் போட்டு, அந்தத் தடித்த முனைக் கியூ வீட்டுக்கு வந்துவிட்டால் நம் ஹாஸ்டல் மேஜையில் அதை வைத்துக்கொண்டு படாத பாடு படுவீர்கள். முனை அளவைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஒரே கோலாக இருக்கும் கியூ ஆடுவதற்குச் சுகம். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் உங்களுக்கு மட்டுமல்ல, கியூவுக்கும் டிக்கெட் போடுவார். முக்கால் பங்கில் பூட்டு வைத்த கியூ ஒன்று உண்டு. முன்தண்டு நீளமாக, முழுசாக இருக்கும், பின்னால் குட்டைக் கைப்பிடி மட்டும் கழன்று வரும். ஆடும்போது ஒரே கோல் மாதிரிதான் தோன்றும். நான் அதைத்தான் சொல்வேன். ரயிலில் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் சரிபாதியில் கழற்றுகிற கியூ வாங்கினால் பெட்டி சின்னதாகும்.

இனி ஆறாயிரம் ரூபாய்த் தம்பிக்கு. தம்பி, ஆறாயிரத்தையும் கியூவில் போடாதே. நாலாயிரத்து ஐந்நூறுக்குள் பார். அலங்காரம் குறைந்த, ரேகை நேராக ஓடுகிற ஆஷ் தண்டு, முக்கால் பூட்டு. பேட்ஜில் யார் பெயர் இருந்தாலும் கவலைப்படாதே. இந்த விலையில் பெரும்பாலும் சீனாவில் செய்ததுதான் வரும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. மிச்சத்தில் நல்ல டிப் நாலைந்து, ஒரு சாக் கட்டி, உள்ளே துணி வைத்த ஒரு சாதாரண நீளப் பெட்டி. வெல்வெட் வேண்டாம். கியூ வந்த அன்றைக்கே அதிலிருக்கும் டிப்பை எடுத்துவிட்டு நல்ல தோல் டிப் போட்டுவிடு. மலிவுக் கியூக்களோடு வருகிற டிப், கல் மாதிரி இருக்கும் அல்லது பஞ்சு மாதிரி இருக்கும். எல்க் மாஸ்டர் என்று அந்தக் காலத்திலிருந்து வருகிற ஒரு தோல் டிப் உண்டு, மார்க்கர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு டிப்பின் விலை ஒரு சினிமா டிக்கெட்டைத் தாண்டாது. நாலாயிரம் ரூபாய்க் கியூவில் ஒழுங்காகப் போட்ட டிப், நாற்பதாயிரம் ரூபாய்க் கியூவில் கோணலாகப் போட்ட டிப்பைவிட நன்றாக ஆடும். இதை நான் மேஜையில் நின்று யாருக்கு வேண்டுமானாலும் காட்டுகிறேன்.

பழைய கியூ கிடைத்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். என் இரண்டாவது கியூ அப்படி வந்ததுதான். மார்க்கர் ஒரு நாள் பார்லரின் பின்னறையிலிருந்து ஒரு கோலை எடுத்து வந்தார். பேட்ஜ் விழுந்துபோய் வெறும் குழி. டிப் இல்லை, பூண் நசுங்கியிருந்தது. அழுக்கேறிப் பழுப்பாக இருந்தது. "இதைப் பாரு" என்றார். கண்ணுக்கு நேரே பிடித்தேன். ரேகை நூல் பிடித்த மாதிரி ஓடியது. எத்தனையோ வருஷ மழையையும் வெயிலையும் பார்த்த மரம், இனி வளைய என்ன இருக்கிறது? முதலாளியிடம் சொல்லி 350 ரூபாய்க்கு வாங்கித் தந்தார். பூணும் டிப்பும் அவரே மாற்றினார். பதினோரு வருஷம் அதில் ஆடினேன்.

விலை குறைந்த கியூ என்று யாராவது சிரித்தால் ஸ்டீஃபன் ஹெண்ட்ரி கதையைச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்துக்காரர், 1990இலிருந்து 1999க்குள் ஏழு முறை உலகப் பட்டம் வென்றவர். லண்டனில் ஜான் பாரிஸ் மாதிரியானவர்கள் கையால் செய்யும் கியூக்களை அவர் எத்தனை வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். ஏழு பட்டமும் வாங்கித் தந்தது, சிறுவயதில் சுமார் நாற்பது பவுண்டுக்கு வாங்கிய ஒரே கியூ. 2003இல் தாய்லாந்திலிருந்து திரும்பும்போது விமானப் பயணத்தில் அது உடைந்துபோயிற்று. அதற்கப்புறம் அவர் உலகப் பட்டம் எதையும் வெல்லவில்லை. வயது, பழக்கம் என்று அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், கியூ மேலேயே பழி போட மாட்டேன்.

தங்கைகள் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து, இது அண்ணன்மார் விஷயம் என்கிற மாதிரி பார்க்கிறார்கள். அம்மா, 2025 நவம்பரில் தோஹாவில் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டம் வென்றது நம் சென்னைப் பெண், அனுபமா ராமச்சந்திரன். மேஜை உங்களுக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறோம். வார்டனிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தராவிட்டால் சங்கத்துக்கு எழுதுங்கள்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், நான் செய்த தப்பு அது. பெட்டிக்குள் படுக்க வையுங்கள். மே மாதத்து வெயிலில் கார் டிக்கியில் வைக்காதீர்கள். ஆடி முடித்ததும் துணியை லேசாக ஈரப்படுத்தித் தண்டைத் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடையுங்கள். சாக் தூளும் கை வேர்வையும் சேர்ந்தால் பிசுபிசுக்கும். அதற்காக உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தீர்களானால் ஆறு மாதத்தில் பென்சில் ஆகிவிடும். ஆஷ் தண்டுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு முறை ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டுத் தடவி, ஒரு ராத்திரி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டால் போதும். டிப் போடுவதை வாயால் சொல்ல முடியாது, கையில் காட்ட வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முதல் கியூ என்ன ஆயிற்று என்று சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

1994 பொங்கலுக்கு அதைப் பெட்டியோடு ஊருக்கு எடுத்துப் போனேன். தூக்கிப்போட மனசு வரவில்லை. "என்னடா இது?" என்று அம்மா கேட்டாள். "ஆட்டத்துக்கு. பழசு. ஒருத்தர் குடுத்தாரு" என்றேன். இரண்டாவது பொய். அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள், மூடினாள். மறுநாள் காலையில் கொல்லைப்புறத்தில் பார்க்கிறேன், உயரக் கொடியில் புடவை போடுவதற்கு அந்தக் கியூவை வைத்துக்கொண்டு நிற்கிறாள். வளைந்த கோல் கொடிக்குத் தோதாக இருந்தது. ஏப்ரலில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மோட்டார் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா மிஷினில் அதை மாட்டி ஒரு ஜாக்கெட் தைத்துப் பார்த்துவிட்டு, "சத்தம் ஜாஸ்தியா இருக்குடா" என்றாள்.

2011இல் அம்மா போன பிறகு வீட்டை ஒழித்தோம். தையல் மிஷினின் சின்ன டிராயரில் ஊசி, பாபின், உடைந்த சாக்பீஸ் இவற்றுக்கு அடியில் ஒரு காகிதம் நாலாக மடித்து இருந்தது. அந்தக் கடையின் பில். கியூ ஒன்று, பெட்டியுடன், ரூபாய் 1,250, தேதி தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்னால். பெட்டிக்குள் வெல்வெட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. அவள் முதல் நாளே பார்த்துவிட்டாள். பதினேழு வருஷம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வளைந்த கியூ இப்போது என் வீட்டு மொட்டை மாடியில் இருக்கிறது. துணி காயப் போட என் மனைவி அதைத்தான் எடுக்கிறாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ரிக்ரியேஷன் ரூமில் இருப்பேன். டிப், பசை, பிளேடு எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். யாரிடமாவது பழைய கியூ இருந்தால் எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஆறாயிரம் ரூபாய்த் தம்பி, நீ ஆர்டர் போடுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள். வீட்டில் வேறு ஏதாவது செலவு காத்திருக்கிறதா என்று அதற்கும் முன்னால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடு.